பிரதேச சபையின் சட்டக் கோவைகள்: மேசைக்கு இந்தப் பக்கமிருந்து

எங்கள் சபையில் சட்டத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. கொழும்பு மாநகரசபை போன்ற பெரிய இடங்களில் சட்டத் திணைக்களமே உண்டு. வன்னியில் நான் வேலை செய்யும் பிரதேச சபையில் இருப்பது ஒரு மேசை, பூட்டுள்ள இரும்பு அலுமாரி, சபை நியமித்த வெளிச் சட்டத்தரணி ஒருவர். அந்த மேசையில் இருப்பவள் நான். நியமனக் கடிதத்தில் என் பதவி முகாமைத்துவ உதவியாளர். முன்பு இலிகிதர் என்று சொன்ன அதே வேலைதான். விடயப் பகிர்வில் எனக்கு வந்தது ‘சட்டமும் வழக்குகளும்’. அதோடு நூலகத்தையும் சேர்த்துத் தந்தார்கள், ஏனென்று இன்றுவரை விளங்கவில்லை.

ஒருவரும் விரும்பி எடுக்காத விடயம் இது. சம்பள விடயம் வைத்திருப்பவருக்கு மாதத்தில் ஒரு கிழமைதான் தலையிடி. சட்ட விடயக்காரர் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும், தவிசாளருக்கும் செயலாளருக்கும் பதில் சொல்ல வேண்டும், வருமானப் பரிசோதகரிடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் கெஞ்சி அறிக்கை வாங்க வேண்டும், சட்டத்தரணி கேட்டதைக் கேட்ட நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். இவர்களில் ஒருவருக்கும் மற்றவருடைய வேலை எப்படி நடக்கிறதென்று முழுதாகத் தெரியாது. புதிதாக இந்த விடயத்தைப் பொறுப்பெடுக்கும் தங்கச்சி, தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டுமென்று பயப்பட வேண்டாம். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, அதிலும் புவியியல்.

ஒரு கோவை, அதாவது பைல், கைக்கு வந்ததும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த விசயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் இதைத் திறந்தால் அவருக்கு விளங்குமா? அப்படி ஒருவர் கட்டாயம் திறப்பார். செயலாளர் இடமாற்றத்தில் போய்ப் புதியவர் வருவார். சட்டத்தரணி மாறுவார். கணக்காய்வுக்காரர் வந்து இந்த வழக்குக்கு ஏன் இவ்வளவு கட்டணம் கொடுத்தீர்கள் என்பார். வழக்குகள் உத்தியோகத்தர்களை விட நீண்ட காலம் ஓரிடத்தில் இருக்கும்.

நான் பொறுப்பெடுத்த பழைய கோவைகளில் அதிகம் கண்ட மினிற், அதாவது கோவைக் குறிப்பு, ‘பேசியபடி நடவடிக்கை எடுக்கவும்’ என்பது. யார் யாரோடு பேசினார்கள், என்ன பேசினார்கள், எப்போது பேசினார்கள்? எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். யாருக்கு எழுதினாரோ அவர் கனடாவில். அந்த ஒரு வரியால் ஒரு சந்தைக் கடைக் கோவை அப்படியே தேங்கிக் கிடந்தது. குத்தகையைப் புதுப்பிக்கச் சொன்னார்களா, கடையைத் திருப்பி எடுக்கச் சொன்னார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. கடைக்காரர் மட்டும் தனக்கு வசதியானதைத்தான் அன்றைக்குப் பேசினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வாய்மொழியாக எனக்கு ஏதாவது சொல்லப்பட்டால், அன்றைக்கே கோவையில் கீழே எழுதுவேன்: “இன்று காலை தாங்கள் தொலைபேசியில் பணித்தபடி இவருக்கு இறுதி அறிவித்தல் தயாரிக்கப்பட்டுள்ளது, உறுதிப்படுத்தலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.” அது சுருக்கொப்பத்தோடு திரும்பி வரும். ஒரு செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. “என்ன மிஸ், என்னை நம்பேல்லையோ?” என்று கேட்டார். “நம்பிறன் சேர், உங்களுக்குப் பிறகு வாறவர் என்னை நம்ப மாட்டார்” என்றேன். சிரித்துக்கொண்டே சுருக்கொப்பத்தை வைத்தார்.

அடுத்தது தவணைப் புத்தகம், அதாவது வழக்குக் கூப்பிடும் நாட்களை எழுதும் புத்தகம். கணினியிலும் வைத்திருக்கலாம், ஆனால் மின்சாரம் நின்ற நாளில்தான் சட்டத்தரணி கேட்பார். கட்டுப் போட்ட பெரிய கொப்பி ஒன்று போதும். நீதிமன்றம், வழக்கு இலக்கம், கடைசித் தவணையில் மன்று பிறப்பித்த கட்டளை, அடுத்த தவணை, அடுத்த தவணை எதற்கு, யார் போக வேண்டும். பலர் திகதியை மட்டும் எழுதி வைப்பார்கள். எதற்கு என்ற இடம்தான் முக்கியம். வெறுமனே கூப்பிடுகிற தவணைக்கும் சாட்சியம் பதிகிற தவணைக்கும் செய்ய வேண்டிய ஆயத்தம் வேறு. சாட்சி சொல்ல வேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடமாற்றத்தில் மன்னாருக்குப் போயிருந்தால் அவருடைய திணைக்களத் தலைவர் ஊடாகத்தான் அழைக்க வேண்டும், அதற்கு ஒரு மாதமாவது பிடிக்கும். தவணை முடிந்த அன்று பின்னேரமே சட்டத்தரணியின் எழுதுவினைஞருக்கு அழைத்துக் கட்டளையைக் கேட்டு எழுதிவிட வேண்டும். சட்டத்தரணியை விட அவருடைய எழுதுவினைஞரோடு நல்ல உறவு வைத்திருப்பது பயன் என்பது என் அபிப்பிராயம். சட்டத்தரணிக்குப் பல நீதிமன்றம், எழுதுவினைஞருக்கு எல்லாம் ஒரே டயறியில் இருக்கும்.

இனி வன்னிக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பெயரும் முகவரியும். யாழ்ப்பாண நகரத்தில் வீட்டு இலக்கம் இருக்கும், வீதிப்பெயர் இருக்கும். எங்கள் பக்கம் ‘பாடசாலைக்குப் பின்வீதி, இரண்டாம் ஒழுங்கை’ என்றுதான் முகவரி. பாடசாலையும் இடம் மாறியிருக்கும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டுத் திட்டங்களில் வந்த குடும்பங்கள் பழைய காணியை ஒருவருக்கு விட்டுவிட்டு வேறு கிராமத்தில் இருப்பார்கள். ஒரே கிராமத்தில் ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயரில் மூன்று பேர். அழைப்பாணை ‘ஆளைக் காணவில்லை’ என்று திரும்பி வந்தால் ஒரு தவணை போய்விடும். அதனால் அனுமதிப்பத்திரமோ குத்தகையோ எந்த விண்ணப்பம் வந்தாலும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எழுதுகிறேன். பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும், புதிய பன்னிரண்டு இலக்கமும் இரண்டுமே. தொலைபேசி இலக்கம் மாறும், அதை மட்டும் நம்ப முடியாது.

வரிப் பதிவேட்டில் உள்ள பெயரை அப்படியே எடுத்து நிலுவை அறிவித்தல் அடிப்பது எங்கள் ஊர்களில் செய்யக்கூடாத காரியம். நான் வந்த புதிதில் வருமானப் பகுதி ஒரு கட்டு அறிவித்தல்களை ஏற்கெனவே தபாலில் போட்டிருந்தது. அதில் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மா வந்தார். மகனின் பெயருக்குப் போன அறிவித்தல். “பிள்ளை, இவன் வந்தானெண்டால் நானே கூட்டிக்கொண்டு வந்து இந்தக் காசைக் கட்டுவன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். 2009க்குப் பிறகு அவருடைய மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி வைத்தது. அந்த மரணச் சான்றிதழை வாங்க மாட்டோம் என்று நிற்கும் தாய்மார் எங்கள் பிரதேசத்தில் நிறையப் பேர். சட்டப்படி அந்தக் காணியின் பதிவு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது பெரிய கேள்வி, அதை நான் தீர்க்க முடியாது. ஆனால் அறிவித்தல் போவதற்கு முன் பட்டியலைக் கிராம அலுவலருக்கு அனுப்பி ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘வசிக்கிறார், இறந்தவர், வெளிநாடு, தகவல் இல்லை’ என்று குறித்து வாங்க முடியும். இப்போது எங்கள் சபையில் அந்தப் பட்டியல் வராமல் ஒரு அறிவித்தலும் கையெழுத்துக்குப் போவதில்லை. இதனால் தவறான ஆளுக்கு எதிராக வழக்குப் போடுவதும் குறைந்தது.

பழைய ஆவணங்கள் கதை எல்லோருக்கும் தெரிந்தது. இடம்பெயர்வோடு சபையின் கோவைகளும் போய்விட்டன. வீதிப் பதிவேடு, குத்தகை ஒப்பந்தங்கள், கட்டட அனுமதிகள் எல்லாம். ஆனபடியால் வீதி சம்பந்தமான முறைப்பாடு எது வந்தாலும் முதலில் அது யாருடைய வீதி என்று பார்க்கவேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, அதற்குக் கீழுள்ளவற்றில் பெரும்பாலானவை சபைக்கு. ஏ-9 ஓரத்தில் ஒருவர் தகரக் கொட்டில் போட்டால் சனம் சபைக்குத்தான் வந்து கத்தும், உறுப்பினரும் மாதாந்தக் கூட்டத்தில் எழும்புவார். நாங்கள் அந்த வீதிக் காணிக்கு உரித்தாளிகள் அல்லர். சபையின் ஒழுங்கை என்றால் அது சபையின் ஒழுங்கைதான் என்பதைக் காட்ட நில அளவைத் திணைக்களத்தின் கிராமப் படம், பிரதேச செயலகக் காணிக் கிளையின் பதிவு, முன்பு சபை அந்த ஒழுங்கைக்குக் கிறவல் போட்ட வவுச்சர் ஏதும் தப்பியிருந்தால் அது, ஊர்ப் பெரியவர்களின் சத்தியக்கடதாசி என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டும். முறைப்பாடு வந்த பிறகு தேடத் தொடங்கினால் மதில் எழும்பி முடிந்துவிடும்.

மாட்டுக் கோவைகளைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் வன்னிச் சபையின் சட்ட வேலையைப் பற்றி எழுத முடியாது. காலபோக (மாரிகால நெல்) விதைப்புத் தொடங்கினால் என் மேசைக்கு மாட்டுக் காலம் தொடங்கும். வயலெல்லாம் விதைத்தாகிவிடும், மேய்ச்சல் தரை போதாது, மாடுகளை வைத்திருக்கிறவருக்குக் கட்ட இடமில்லை. மழை இரவில் மாடு ஈரமில்லாத இடம் தேடித் தார் வீதியில் வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த வீதி, மோட்டார் சைக்கிளில் வருகிற பெடியன். ஒரு விபத்து நடந்த மறுநாள் “கட்டாக்காலி மாடுகளை ஏன் சபை பிடிக்கேல்லை?” என்ற கேள்வி எல்லாப் பக்கத்தாலும் வரும். பிடித்தால், அதற்கு அடுத்த நாள் “ஏழையின்ர மாட்டை ஏன் பிடிச்சனீங்கள்?” என்று அதே ஆட்கள் கேட்பார்கள்.

கால்நடைகளின் அத்துமீறலுக்கு 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் பிரதேச சபைகள் சட்டம், சபையின் உபவிதி, கட்டணத் தீர்மானம். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கட்டணம் சபைத் தீர்மானமாகி வர்த்தமானியில் வந்திருக்கிறதா, வந்த தொகையைத்தான் பற்றுச்சீட்டில் எழுதுகிறோமா என்பது. கூட்டத்தில் யாரோ சொன்ன தொகையை வெளிக்கள உத்தியோகத்தர் வாங்கத் தொடங்கினால், பிறகு அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது நாங்கள்தான்.

பிடிக்க முன் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். அறிவித்த நாள், கிராமம், வாகனம் போன வழி எல்லாம் கோவையில் இருக்க வேண்டும். பிடித்த பிறகு ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தாள். பிடித்த இடம், நேரம், பசுவா காளையா கன்றா, நிறம், கொம்பு, சுட்ட குறி எந்தப் பக்கம் என்ன எழுத்து, காதில் தகடு இருந்தால் அதன் இலக்கம், பிடித்தவர்கள் பெயர், அடைத்த இடம், வைக்கோல் வாங்கிய பற்றுச்சீட்டு, இரவுக் காவல் யார். படம் எடுக்கும்போது மாட்டின் முகத்தை மட்டும் எடுத்தால் பிரயோசனமில்லை. கிலோமீற்றர் கல்லோ கடைப் பெயர்ப் பலகையோ பின்னால் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மாடு தன் வளவுக்குள் நின்றது, சபை ஆட்கள் கட்டையைக் கழற்றிப் பிடித்தார்கள் என்று சொல்வார்கள். சொல்லியிருக்கிறார்கள்.

உரிமையாளர் வந்தால் அவருக்கு மாடு வேண்டும், தண்டம் வேண்டாம். ஒரு ஐயா வந்து நின்று சொன்னதை இன்றைக்கும் கந்தோரில் சொல்லிச் சிரிப்போம்: “மாடு என்ரதுதான் பிள்ளை. ஆனா றோட்டில நிண்டது என்ர மாடில்லை.” நான் குறிப்புத் தாளை எடுத்து, குறியும் காதுத் தகடும் கிலோமீற்றர் கல்லும் தெரிகிற படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாத்தான் விழுந்திருக்கு” என்றுவிட்டுக் காசாளரிடம் போனார்.

பால் மாடு பிடிபட்டால் கன்றைப் பற்றியும் உடனே யோசிக்க வேண்டும். கன்று வீட்டில் கத்தும், இங்கே மாடு மடி கட்டிப்போய் நிற்கும். அப்படியான மாட்டின் உரிமையாளரை அன்றைக்கே கண்டுபிடித்து விடுவிக்க வழி பார்ப்பது சட்டத்துக்கு வெளியே உள்ள இரக்கம் மட்டுமல்ல. சபையின் காவலில் ஒரு மாடு நோய்ப்பட்டாலோ செத்தாலோ நட்டஈடு கேட்டு வரும் கடிதத்துக்கு வைக்கோல் பற்றுச்சீட்டும் காவல் பதிவும் தவிர வேறு பதில் இல்லை. கால்நடை வைத்தியர் வந்து பார்த்தால் அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். உரிமை கோராத மாடுகளை ஏலம் விடுவதற்கு முன் நீதிமன்றக் கட்டளை கையில் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் சட்டத்தரணி பிடிவாதமானவர். அவர் பிடிவாதம் இரண்டு தவிசாளர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அனுமதியில்லாத கட்டடங்களில் வேறு மாதிரி. இங்கே எந்தச் சட்டம் பொருந்தும் என்பதுதான் முதல் சிக்கல். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதி என்றால் 1978இன் 41ஆம் இலக்கச் சட்டம். அதன் 28அ பிரிவில் அறிவித்தல் கொடுத்து, கேட்காவிட்டால் நீதவானிடம் இடித்தகற்றும் கட்டளை கேட்கலாம். அதற்கு வெளியே 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். சட்டத்தரணிக்குக் கோவை போகும்போது அந்தக் காணி எந்தப் பக்கம் விழுகிறது என்ற குறிப்பு முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதிகாரசபை தன் அதிகாரத்தைச் சபைக்குக் கையளித்த கடிதத்தின் பிரதியும் இருக்க வேண்டும். மறுதரப்புச் சட்டத்தரணி முதலில் தேடுவது, அறிவித்தலில் கையெழுத்து வைத்தவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதைத்தான். கட்டடம் அனுமதியோடு கட்டியதா இல்லையா என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வரும்.

தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அறிக்கையில் ‘கட்டுமானம் நடைபெறுகின்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். முதல் பரிசோதனையில் அத்திவாரம், அறிவித்தல் கொடுத்த அன்று லிண்டல் மட்டம், இரண்டாம் பரிசோதனையில் கூரை என்று நீள அகல அளவோடு இருந்தால்தான் அறிவித்தலுக்குப் பிறகும் கட்டினார் என்பதைக் காட்டலாம். ஆளில்லாத கட்டடத்தில் அறிவித்தலை ஒட்டினால் ஒட்டியபடியே படம், கூட நின்றவரின் பெயர், அதே நாள் பதிவுத் தபால் சீட்டு மூன்றும் வேண்டும். படங்களையும் காணொளியையும் சாட்சியமாகப் பாவிப்பதென்றால் 1995இன் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு 45 நாளுக்கு முன் மறுதரப்புக்கு அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதனால் படம் எடுத்த கைப்பேசி யாருடையது, மூலப் படம் அதில் இன்னும் இருக்கிறதா என்பதையும் குறித்து வைக்கவும். வட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தை மட்டும் அச்செடுத்து வைத்திருப்பது போதாது.

பணம் சம்பந்தமான வழக்குகளில் என் நிலைப்பாடு சபையில் எல்லோருக்கும் பிடிக்காது. நான் கையாண்ட கோவைகளில் வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம் இடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்து 500, 750, 1,000 ரூபா. தொழில் வரி எவ்வளவு பெரிய வருமானமுள்ள நிறுவனத்துக்கும் 3,000 ரூபாவோடு நின்றுவிடும். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வைத்த உச்சவரம்பு அது. 1,000 ரூபாவுக்கு வழக்குப் போட்டால் சட்டத்தரணிக் கட்டணமும் உத்தியோகத்தர் பயணப்படியும் அதை விழுங்கிவிடும். சுகாதாரம் சம்பந்தப்பட்ட இடங்களில், அதாவது சாப்பாட்டுக் கடை, இறைச்சிக் கடை, வெதுப்பகம் அனுமதியில்லாமல் நடந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையோடு வழக்குத்தான். மற்றவற்றுக்கு மூன்று கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு நேரில் வரச் சொல்லித் தவணை முறையில் கட்ட ஒரு எழுத்து. சோலை வரியில், அதாவது வீடு வளவுக்குச் சபை அறவிடும் ஆண்டு வரியில், ஜனவரி 31க்கு முன் முழு வருசத்துக்கும் கட்டினால் 10 வீதக் கழிவு என்பதை அந்த அறிவித்தலிலேயே பெரிய எழுத்தில் போட்டபோது கட்டியவர்கள் கூடினார்கள்.

வெளியே போகிற காகிதத்தை விட உள்ளே வருகிற காகிதம்தான் சில நேரம் ஆபத்து. சபைக்கு எதிராக வழக்குப் போட நினைப்பவர் பெரும்பாலும் ஒரு மாத முன்னறிவித்தல் அனுப்ப வேண்டும். அது சாதாரணக் கடிதம் மாதிரியே உறையில் வரும். தபால் பிரிப்பவர் அதைப் ‘பொது’ கோவையில் போட்டுவிட்டால் நாள் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் தபால் மேசையில் ஒரு சிவப்புப் பெட்டி வைத்திருக்கிறோம். சட்டத்தரணியின் கடிதத் தலைப்போ நீதிமன்ற முத்திரையோ இருந்தால் திகதி முத்திரை குத்தி நேரே அதற்குள். உறையையும் எறியக்கூடாது, தபால் திகதி அதில்தான் இருக்கும். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் விண்ணப்பமும் அந்தப் பெட்டிக்குத்தான். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சட்டத்தரணி தந்த ஆலோசனைக் கடிதங்களை வழக்குக் கோவையில் கலக்காமல் தனி உறையில் வைத்தால், தகவல் கேட்டு வருபவருக்குப் பிரதி எடுக்கும்போது எதைக் கொடுப்பது எதை விடுவது என்று தடுமாற வேண்டியதில்லை.

கொழும்பிலிருந்து மேன்முறையீட்டு நீதிமன்ற எழுத்தாணை (ரிட்) மனு வந்தால் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு கட்டாக இருக்கும். பயப்படாமல் நான்கைத் தேடுங்கள்: நீதிமன்றத்தின் பெயர், மனு இலக்கம், கூப்பிடும் திகதி, சபை எத்தனையாவது பிரதிவாதி. அதை ஒரு தாளில் எழுதி மேலே குத்தி அன்றைக்கே செயலாளருக்கும் சட்டத்தரணிக்கும் கொடுக்கவேண்டும். மிச்சத்தை விளங்கிக்கொள்ள நேரம் இருக்கும்.

சட்டத்தரணிக்குக் கோவையை அப்படியே தூக்கிக் கொடுப்பது பலருடைய பழக்கம். அவர் அதை வழக்குக்கு முதல்நாள் இரவுதான் திறப்பார். திகதி வரிசையில் ஒரு பக்கக் குறிப்பும், அதில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பக்க இலக்கமும் போட்டுக் கொடுத்தால், அவர் கேட்கும் கேள்விகளே மாறும். மூலப் பிரதிகளைக் கொடுக்க வேண்டாம், மன்று கேட்டால் மட்டும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். எழுத்துருப் பிரச்சினையும் உண்டு. எங்கள் கந்தோரில் பழைய ஆவணங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில். சட்டத்தரணியின் கணினியில் அது கொக்கத்தடியும் கோணலுமாய் விழும், அவருடைய எழுதுவினைஞர் முழுதும் திருப்பி ரைப் பண்ணுவார், அதில் திகதி ஒன்று மாறும். யுனிகோட்டுக்கு மாற்றி ஒரு தடவை வாசித்து அனுப்புவது பத்து நிமிச வேலை.

இன்னொன்று, வழக்குகள் சபையின் பெயரில் இருக்க வேண்டும், தவிசாளரின் பெயரில் அல்ல. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் தவிசாளரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை, செயலாளரே நடத்தினார். சபை ஒரு கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு என்பதால் வழக்குகள் நிற்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வழக்குத் தொடர எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் யார் எந்த அதிகாரத்தில் அனுமதித்தார் என்ற தாள் கோவையில் இருக்கிறதா என்று புதிய சபை வந்ததும் கேட்டார்கள். இருந்தது.

நீதிமன்ற நாளுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பஸ்ஸில் போங்கள், கைப்பேசியை நிறுத்துங்கள், சாட்சி சொல்லப் போகும் உத்தியோகத்தரை அவருடைய அறிக்கையை வாசிக்க வையுங்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

கடினமானது ஊருக்குள் இருப்பது. வழக்கில் எதிரே நிற்பவர் என் மகளின் வகுப்புப் பிள்ளையின் தகப்பன். கோயிலில் காண்பேன், சங்கக் கடையில் காண்பேன். “தங்கச்சி, உதை ஒருக்கா கீழ போட்டுவிடன்” என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். தயிர்ச் சட்டியோடு வீட்டுக்கு வந்தவரும் உண்டு. வேலையைப் பற்றி வீட்டு வாசலில் பேசுவதில்லை, கந்தோருக்கு வாருங்கோ என்று சொல்லிவிடுவேன். கந்தோருக்கு வந்தால் அடுத்த தவணை எப்போது, எந்த நீதிமன்றம், என்ன ஆவணம் சபை கேட்டிருக்கிறது என்பதைச் சொல்வேன். வழக்கில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அது அவருடைய சட்டத்தரணியின் வேலை. வசதியில்லாதவரென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லி இடத்தையும் சொல்லிவிடுவேன். சபைக்கு எதிராக வாதாட ஆளைக் காட்டுகிறாய் என்று ஒருவர் குறைப்பட்டார். சட்டத்தரணி இல்லாமல் தனியே நிற்கிறவரின் வழக்குத்தான் தவணைக்கு மேல் தவணை போகும் என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

வருடாந்த இடமாற்றப் பட்டியலில் எப்போதும் உங்கள் பெயர் வரலாம், அதனால் கையளிப்புக் குறிப்பைக் கடைசி நாளில் எழுத நினைக்காதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் அடுத்த தவணை, அது எதற்கு, சாட்சிகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், எந்த மூலப் பத்திரம் மன்றில் இருக்கிறது, எது அலுமாரியில், எது சட்டத்தரணியிடம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தி வைத்திருங்கள். சட்டத்தரணியிடம் இருப்பவற்றுக்கு அவருடைய கையெழுத்தையும் வாங்கி, அந்தத் தாளைக் கையளிப்புக் குறிப்போடு சேர்த்துக் குத்திவிடுங்கள்.